பாட்டுக்கு வாசித்த ஜான் டீக்கன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் குயின் இசைக்குழுவைப் பற்றி வெளிவந்த முழுப்பக்கக் கட்டுரையை மிகுந்த ஆர்வத்தோடு படித்தேன். சான்சிபாரில் பார்சிக் குடும்பமொன்றில் பிறந்து, மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் பள்ளிப் படிப்பு படித்து, பின்னர் உலகையே தன் குரலால் கட்டிப்போட்ட ஃப்ரெடி மெர்குரியைப் பற்றிக் கட்டுரையாளர் மனமுவந்து எழுதியிருந்தார். பிரையன் மே தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே செய்துகொண்ட கிட்டார், அவருடைய வானியற்பியல் முனைவர் பட்டம், ரோஜர் டெய்லரின் உச்சக் குரல் ஆகியவற்றுக்கும் உரிய இடம் கிடைத்திருந்தது. ஆனால் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரின் கலைஞரான ஜான் டீக்கனின் பெயர், புகைப்படத்துக்குக் கீழே இருந்த குறிப்பில் மட்டுமே காணப்பட்டது. அதைவிட வருத்தம் தந்தது, "அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்" என்ற பாடலை மெர்குரியின் படைப்பு என்று கட்டுரை குறிப்பிட்டிருந்ததுதான். அந்தப் பாடலை எழுதி மெட்டமைத்தவர் ஜான் டீக்கன்.

இந்தப் பிழையைச் சுட்டிக்காட்ட இரண்டு வரி போதும் என்பதை அறிவேன். ஆயினும் டீக்கனின் பெயர் இப்படி விடுபட்டுப்போவது இது முதல்முறை அல்ல. பாடுபவரே பாடலை எழுதியவர் என்று எண்ணிக்கொள்ளும் வழக்கம் பல இடங்களிலும் இருக்கிறது. அதனால் அவருடைய வாசிப்பைப் பற்றியும் பாடல்களைப் பற்றியும் சற்று விரிவாக எழுதுவதற்குத் தாங்கள் இடமளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்துப் பிழைத்தவன் என்ற முறையில், இதை எழுதாமல் விடுவதற்கு மனம் ஒப்பவில்லை.

முதலில் ஒரு விவரத்தைச் சொல்லிவிட வேண்டும். குயின் குழுவில் நால்வருமே பாடல் எழுதியவர்கள். 1989-ஆம் ஆண்டு "தி மிராக்கிள்" இசைத்தொகுப்பு வரும்வரை, ஒவ்வொரு பாடலையும் யார் எழுதினாரோ அவர் பெயரிலேயே வெளியிடுவது அவர்களுடைய நடைமுறையாக இருந்தது. ஆகவே எந்தப் பாடல் யாருடையது என்பதில் ஊகத்துக்கு இடமில்லை. இசைத்தட்டின் உறையிலேயே அச்சாகியிருக்கிறது. அமெரிக்காவின் பில்போர்டு தனிப்பாடல் பட்டியலில் குயின் முதலிடம் பிடித்தவை இரண்டே பாடல்கள். ஒன்று மெர்குரி எழுதிய "கிரேஸி லிட்டில் திங் கால்டு லவ்". மற்றொன்று டீக்கன் எழுதிய மேற்சொன்ன பாடல். 1980 அக்டோபரில் அது தொடர்ந்து மூன்று வாரங்கள் முதலிடத்தில் நின்றது. 2003-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாடலாசிரியர் புகழ் மண்டபத்தில் குயின் சேர்க்கப்பட்டபோது, ஒரு குழுவின் உறுப்பினர்கள் அனைவரும் பாடலாசிரியர்களாகச் சேர்ந்தே அந்தப் பெருமையைப் பெற்றது அதுவே முதல்முறை. அந்த நால்வரில் ஒருவரை நாம் வெறும் பக்கவாத்தியக்காரராக எண்ணிவிடலாகாது.

இனி அந்தப் பாடலுக்கே வருகிறேன். அதன் ஆதாரம் பேஸ் கிட்டாரில் வரும் இரண்டு பார் (தாளச் சுற்று) நீளமுள்ள ஒரு வரி. மிகத் தாழ்ந்த சுரத்துக்கான தடித்த தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் வரும் ஈ சுரத்தில், ஒன்று, இரண்டு, மூன்று என்று தாளத்தோடு அழுத்தமான மூன்று அடிகள். பிறகு ஒரு வெற்றிடம். அதன்பின் அதே ஈ-யில் தொடங்கி, ஜி சுரத்தைத் தொட்டு, மீண்டும் ஈ-க்கு இறங்கி, ஏ சுரத்தில் முடியும் ஒரு சிறு ஓட்டம். பாட்டின் பெரும்பகுதி இதுதான். நான்கு தந்திகளில் இரண்டைக்கூட முழுதாகப் பயன்படுத்தாத இந்த வரியைக் கேட்டவுடன், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, மைதானத்தில் கூடியிருப்பவர்கள் முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

இதை வாசித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று விளங்கும். சுரங்களைக் கண்டுபிடிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். சிரமமெல்லாம் அந்த மூன்று அடிகளுக்குப் பின்னால் வரும் வெற்றிடத்தில் இருக்கிறது. தடித்த தந்தி ஒருமுறை அதிர்ந்தால் தானாக நிற்காது. தொடர்ந்து முழங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் அதைச் சரியான கணத்தில் விரலாலோ உள்ளங்கையின் ஓரத்தாலோ தொட்டு அடக்க வேண்டும். கொஞ்சம் முன்னால் அடக்கினால் வரி விறைத்துப்போகும். கொஞ்சம் தாமதித்தால் குழைந்துபோகும். டீக்கனின் பதிவில் ஒவ்வொரு சுரமும் எங்கே பிறக்கிறது என்பதைப் போலவே எங்கே முடிகிறது என்பதும் துல்லியமாக இருக்கிறது. மேடையில் என்னோடு வாசித்த இளைஞர்கள் பலர் வேகமான விரலோட்டத்தை மாதக்கணக்கில் பயிற்சி செய்து பெற்றுவிட்டார்கள். இந்த வெற்றிடத்தைப் பாட்டு முடியும்வரை ஒரே அளவில் காப்பாற்றக்கூடியவர்களை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன்.

அந்தப் பாடல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், மியூசிக்லேண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில், தயாரிப்பாளர் ரெய்ன்ஹோல்ட் மாக் உடனிருக்கப் பதிவானது. ராக் இசையில் ஊறிய குழுவுக்குள் நடன இசையின் நாடி ஒன்றைக் கொண்டுவந்தவர் டீக்கன். நியூயார்க்கின் சிக் குழுவும் அதன் பேஸ் கலைஞர் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் 1979-இல் வெளியிட்ட "குட் டைம்ஸ்" பாடலின் தாக்கம் அதில் தெளிவாகவே இருக்கிறது. சிக் குழுவினர் வேலை செய்துகொண்டிருந்த ஒலிப்பதிவுக்கூடத்துக்கு டீக்கன் வந்து உடனிருந்ததை எட்வர்ட்ஸே சொல்லியிருக்கிறார். இதைக் காட்டி டீக்கனைக் குறைத்துப் பேசுவோரும் உண்டு. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. ஒரே மாதிரி மூன்று அடிகளில் தொடங்கினாலும், எட்வர்ட்ஸின் வரி பிறகு துள்ளிக்கொண்டு மேலே ஏறிப் பல சுரங்களில் உலவும். டீக்கனின் வரி கீழேயே இறுகி நின்று மிரட்டும். ஒன்று கொண்டாட்டம், மற்றொன்று அச்சுறுத்தல். முன்னோர் ஒருவரிடம் கேட்டதை வாங்கிக்கொண்டு அதற்கு முற்றிலும் வேறு குணத்தைக் கொடுப்பது எல்லா இசை மரபிலும் நடப்பதுதான்.

அந்தப் பதிவில் டீக்கன் பேஸை மட்டுமல்லாமல் தாளக் கிட்டாரையும் தானே வாசித்தார். டெய்லரின் டிரம்ஸ் எதிரொலியே இல்லாமல், உலர்ந்த ஒலியாக, ஒரே துண்டு நாடாவில் திரும்பத் திரும்ப ஓடும்படி அமைக்கப்பட்டது. பெரிய அரங்குகளில் இடிபோல முழங்கிப் பழகிய டெய்லருக்கு அது தொடக்கத்தில் உவப்பாக இல்லை. மெர்குரியோ அந்தப் பாட்டுக்காகத் தொண்டையில் இரத்தம் வரும்வரை பாடினார் என்று பிரையன் மே கூறியிருக்கிறார். குழுவின் நிகழ்ச்சியைக் காண வந்த மைக்கேல் ஜாக்சன்தான் இதைத் தனிப்பாடலாக வெளியிடும்படி வற்புறுத்தினார் என்பதையும் குழுவினர் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கேட்கும் வானொலி நிலையங்கள் இதை விடாமல் ஒலிபரப்பின. ஒரு பேஸ் கலைஞர் தன் மனத்தில் கேட்ட ஒலிக்காக மற்ற மூவரும் தங்கள் இயல்பையே மாற்றிக்கொண்டார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் உரத்துப் பேசி அதைச் சாதித்தவரும் அல்லர்.

டீக்கன் 1951 ஆகஸ்ட் 19 அன்று லெஸ்டர் நகரில் பிறந்தவர். பதினொரு வயதில் தந்தையை இழந்தார். பள்ளிப் பருவத்திலேயே "தி ஆப்போசிஷன்" என்ற குழுவில் முதலில் கிட்டாரும் பிறகு பேஸும் வாசித்தார். லண்டனில் செல்சி கல்லூரியில் மின்னணுவியல் படித்து முதல் வகுப்பில் தேறினார். 1971-இன் தொடக்கத்தில் குயின் குழுவினர் ஏற்ற பேஸ் கலைஞர் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு முன்னால் சிலர் வந்து வாசித்துவிட்டுப் போயிருந்தார்கள். இம்பீரியல் கல்லூரியில் நடந்த ஒத்திகையில் டீக்கன் வாசித்துக் காட்டியதும் அந்தத் தேடல் முடிந்தது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. குழுவில் அவரே இளையவர், அவரே கடைசியாகச் சேர்ந்தவர். 1973-இல் வெளிவந்த முதல் தொகுப்பின் உறையில் அவர் பெயரை "டீக்கன் ஜான்" என்று முன்பின்னாக மாற்றி அச்சிட்டார்கள். அப்படி வைத்தால் கேட்க நன்றாக இருக்கும் என்று மற்றவர்கள் நினைத்தார்களாம். அடுத்த தொகுப்பிலிருந்து அவர் கேட்டுக்கொண்டபடி "ஜான் டீக்கன்" ஆயிற்று. பெயர் விஷயத்தில் அவருக்கு இழைக்கப்படும் அநீதி அன்றே தொடங்கிவிட்டது போலும்.

அவருடைய வாசிப்பின் தன்மையைச் சொல்ல, நம் கச்சேரி மேடையில் வழங்கும் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன்: அவர் பாட்டுக்கு வாசித்தவர். தனி ஆவர்த்தனத்தில் கைத்தட்டல் வாங்கும் மிருதங்க வித்வான், பாடகர் நிரவல் செய்யும்போது எவ்வளவு அடக்கமாக, எவ்வளவு கவனமாகப் பின்தொடர்கிறார் என்பதைக் கொண்டே அவரைத் தேர்ந்த ரசிகர்கள் மதிப்பிடுகிறார்கள் அல்லவா? டீக்கனை அந்த அளவுகோலால் அளக்க வேண்டும். குயின் பாடல்களில் ஏற்கெனவே நெரிசல் அதிகம். மெர்குரியின் பியானோ, மேயின் அடுக்கடுக்கான கிட்டார்கள், மூன்று குரல்களைப் பலமுறை பதிந்து சேர்த்த கோரஸ் என எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிக்கும். அதற்குள் இன்னொருவரும் தன் திறமையைக் காட்டப் புறப்பட்டிருந்தால் பாட்டு மூச்சுத் திணறியிருக்கும். எந்த இடத்தில் பியானோவின் இடக்கை கீழே இறங்கியிருக்கிறதோ அங்கே பேஸை ஒதுக்கி வைப்பதும், எங்கே கிட்டார் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்குகிறதோ அங்கே இரண்டு சுரங்களை நழுவவிட்டு அடுத்த வரிக்கு வழிகாட்டுவதும் அவர் கை அறிந்த வித்தை.

இதனால் அவருக்கு மெட்டில் உலவத் தெரியாது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1976-இல் வந்த "எ டே அட் தி ரேசஸ்" தொகுப்பில் "தி மில்லியனர் வால்ட்ஸ்" என்று மெர்குரி எழுதிய பாடல் ஒன்று உண்டு. அதன் தொடக்கப் பகுதியில் பியானோவும் பேஸும் மட்டுமே மெர்குரியின் குரலுக்குத் துணை. மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் பேஸ் கிட்டார் உயர்ந்த சுரங்களுக்கு ஏறி, பாடகர் விட்ட வரியை எடுத்து மெட்டாகவே பாடுகிறது. செல்லோ வாசிப்பதைப் போன்ற அந்த நயத்தைக் கேட்டுவிட்டு அடுத்ததாக "டிராகன் அட்டாக்" பாடலைக் கேட்டால், அதில் சில நொடிகளுக்குத் தனியே விடப்பட்ட பேஸின் முரட்டுத்தனம் திகைக்க வைக்கும். இரண்டும் ஒரே கையின் வேலை. எல்லாம் செய்யக்கூடிய ஒருவர் பெரும்பாலான நேரம் கொஞ்சமாகவே செய்தார் என்பதால்தான் அவர் மீது எனக்கு இவ்வளவு மதிப்பு.

பாடல் எழுதுவதில் அவர் மெதுவாகவே இறங்கினார். 1974-இல் "ஷியர் ஹார்ட் அட்டாக்" தொகுப்பில் இடம்பெற்ற "மிஸ்ஃபயர்" அவருடைய முதல் பாடல். இரண்டு நிமிடத்துக்கும் குறைவானது, பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த ஆண்டே, "எ நைட் அட் தி ஆப்பரா" தொகுப்பில், "யூ ஆர் மை பெஸ்ட் ஃபிரெண்ட்" வந்தது. மனைவிக்காக அவர் எழுதிய அந்தப் பாடலை வுர்லிட்சர் என்ற மின் பியானோவில்தான் அமைத்தார். அந்தக் கருவியின் ஒலியை மெர்குரிக்கு அறவே பிடிக்கவில்லை. அதைத் தொடவே மறுத்துவிட்டார். டீக்கன் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று, தானே பழகி, பதிவிலும் தானே வாசித்தார். மேடைகளில் மெர்குரி அதே பகுதியைத் தம் பெரிய பியானோவில் வாசித்துச் சமாளித்தார். பதிவைக் கவனித்துக் கேட்டால், மின் பியானோ ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருக்க, பேஸ் அதன் அடியில் ஒரு தனி மெட்டாக ஓடுவதைக் கேட்கலாம். இரண்டும் டீக்கனே. ஒரு கையால் தாலாட்டி மறு கையால் கதை சொல்வது போன்ற அந்த இணைப்பு, மூன்று நிமிடத்துக்கும் குறைவான பாட்டில் எப்படி இவ்வளவு நிறைவாக அமைந்தது என்று இன்றும் வியக்கிறேன். ஓராண்டுக்கு முன்னர்தான் முதல் பாடலை எழுதிய இளைஞர் அவர் என்பதையும் மறக்க முடியவில்லை.

"போஹேமியன் ராப்சடி" இருக்கும் தொகுப்பு அது. ஆறு நிமிடத்துக்கு ஓபரா, ராக், சோகப்பாட்டு எல்லாவற்றையும் கலந்து கட்டிய அந்த மாளிகைக்கு அடுத்த தனிப்பாடலாக வெளியிடப்பட்டது டீக்கனின் இந்தச் சின்னப் பாட்டுதான். பிரிட்டனில் அது ஏழாம் இடம் வரை சென்றது. ஒரு புரட்சிக்குப் பின்னால் வந்து நின்று, தன் எளிமையாலேயே தாக்குப்பிடித்த பாட்டு என்று அதைச் சொல்லலாம்.

1977-இல் வந்த "ஸ்ப்ரெட் யுவர் விங்ஸ்" எனக்கு இன்னும் நெருக்கமானது. மதுக்கடை ஒன்றில் தரை பெருக்கும் சாமி என்ற இளைஞனைப் பற்றிய பாடல் அது. முதலாளியின் ஏச்சு, மலிவான விடுதி அறையில் கழியும் இரவுகள், எங்காவது போய்விட வேண்டும் என்ற தவிப்பு ஆகியவற்றை டீக்கன் சாதாரணச் சொற்களிலேயே எழுதினார். அரசர்களையும் தேவதைகளையும் பாடிய குழு, கூலி வேலை செய்யும் ஒருவனின் பெயரைச் சொல்லிப் பாடியது அவர் வழியாகத்தான். குயினின் அடையாளமாகிய அடுக்குக் குரல்கள் அதில் இல்லை. மெர்குரியின் ஒற்றைக் குரல் மட்டுமே. அந்தத் தனிமை சாமிக்குப் பொருந்துகிறது. பட்டியல்களில் அந்தப் பாடல் பெரிதாக ஏறவில்லை. ஆனால் குழுவின் தீவிர ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள், பத்துப் பாடல்களைச் சொல்லச் சொன்னால் இதை விடமாட்டார்கள்.

இவற்றையெல்லாம் பாட டீக்கனால் முடியாது. அதை அவரே ஒப்புக்கொண்டவர். குயினின் இசைத்தட்டுகளில் மற்ற மூவரும் முன்னணிக் குரலில் பாடியிருக்க, டீக்கன் ஒருமுறைகூடப் பாடியதில்லை. ஆகவே தான் எழுதுவதை இன்னொருவர் வாயிலாகக் கேட்டே தீர வேண்டிய நிலையில் இருந்த பாடலாசிரியர் அவர். மெர்குரியின் குரலின் எந்தப் பகுதி கனிவானது, எந்தப் பகுதி வெடிப்பது, எங்கே அவர் மூச்சு வாங்குவார் என்பதை ஒவ்வொரு நாளும் பக்கத்தில் நின்று கேட்டவர் என்பதால், அந்தக் குரலுக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் அவரால் எழுத முடிந்தது. பாடகர் ஒருவர் தனக்காகவே எழுதிக்கொள்ளும்போது இந்தக் கவனிப்பு வாய்ப்பதில்லை.

1984-இன் "ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ" பலருக்கும் காணொளியால்தான் நினைவிருக்கும். நால்வரும் பெண் வேடமிட்டு, பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைக் கிண்டல் செய்த அந்தக் காணொளியில் மூலையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கும் பாட்டியாக வருபவர் டீக்கன். அமெரிக்காவில் அந்த நகைச்சுவை புரியாமல் எதிர்ப்புக் கிளம்பியது. ஆனால் பாட்டைத் தனியே கேளுங்கள். கிட்டார் தனியிசை வர வேண்டிய இடத்தில், டீக்கனின் விருப்பப்படி, ஃப்ரெட் மேண்டல் என்ற கனடியக் கலைஞர் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் வாசித்தார். பிரையன் மே போன்ற கிட்டார் மேதை குழுவில் இருக்கும்போது அந்த இடத்தில் கிட்டார் வேண்டாம் என்று முடிவெடுக்கப் பாட்டின் மீது மிகுந்த நம்பிக்கை இருக்க வேண்டும். பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக்கு எதிரான மக்கள் அந்தப் பாடலைத் தங்கள் விடுதலைப் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். காதலிலிருந்து விடுபடத் துடிக்கும் ஒருவனின் பாட்டுக்கு அப்படியொரு பயணம் வாய்த்தது.

"அண்டர் பிரஷர்" பாடலைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1981-இல் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூ நகரில் பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியோடு சேர்ந்து குயின் உருவாக்கிய பாடல் அது. பிரிட்டனில் முதலிடம் பெற்றது. டி சுரம் ஆறு முறை, ஏ சுரம் ஒருமுறை, அவ்வளவே அதன் பேஸ் வரி. அதைக் கண்டெடுத்தது டீக்கன்தான் என்றும், எல்லோரும் சாப்பிடப் போய்த் திரும்பியபோது அவர் அதை மறந்துபோக டெய்லர் நினைவுபடுத்தினார் என்றும் அவருடைய நண்பர்கள் சொல்கிறார்கள். டீக்கனோ ஒரு பேட்டியில் அந்தப் பெருமையைப் போவிக்குக் கொடுத்துவிட்டார். 1990-இல் வெனிலா ஐஸ் என்ற ராப் பாடகர் அதே வரியை முன் அனுமதியின்றி எடுத்துத் தன் பாட்டுக்கு அடித்தளமாக்கியபோது, அந்தச் சில சுரங்கள் எவ்வளவு விலைமதிப்புள்ளவை என்பது வழக்கறிஞர்களுக்கும் விளங்கியது.

அவர் படித்த மின்னணுவியலும் வீண்போகவில்லை. 1972 வாக்கில், லண்டன் தெருவோரக் குப்பைத்தொட்டி ஒன்றில் யாரோ தூக்கிப்போட்ட மின்சுற்றுப் பலகையை டீக்கன் கண்டெடுத்தார். அதை ஒரு சிறிய ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் பொருத்தி, ஒன்பது வோல்ட் பேட்டரியில் இயங்கும் ஆம்ப்ளிஃபயராக மாற்றினார். அதில் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு திருகுகூடக் கிடையாது. பிரையன் மே தன் கிட்டாரை அதில் இணைத்தபோது, வயலின் போலவும் கிளாரினெட் போலவும் டிராம்போன் போலவும் குழைந்த ஒலி வந்தது. "எ நைட் அட் தி ஆப்பரா" தொகுப்பில் "குட் கம்பெனி" பாடலில் ஒரு முழு ஜாஸ் வாத்தியக் குழுவே வாசிப்பதாகத் தோன்றும் பகுதியும், அதே தொகுப்பின் இறுதியில் வரும் பிரிட்டிஷ் தேசிய கீதமும் கிட்டாரும் இந்தச் சின்னப் பெட்டியும் சேர்ந்து உண்டாக்கியவை. "டீக்கி ஆம்ப்" என்று டீக்கனின் செல்லப்பெயராலேயே அதை இன்றும் அழைக்கிறார்கள். பிரையன் மேயின் புகழ்பெற்ற ஒலியைப் பற்றி எழுதும்போதெல்லாம் அதில் டீக்கனின் கைவேலையும் கலந்திருப்பதை எழுத வேண்டும்.

1985 ஜூலை 13 அன்று லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சியைத் தங்கள் கட்டுரை மிக அழகாக வருணித்திருந்தது. அன்று குயின் இசைத்த ஆறு பாடல்களில் ஒன்றுகூட டீக்கன் எழுதியதில்லை. ஆனால் அந்த ஒளிப்பதிவை மறுபடி பார்க்கும் வாசகர்கள், மெர்குரி மேடையின் விளிம்புவரை ஓடிக் கூட்டத்தோடு விளையாடும் நேரங்களில் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ச்சுரங்களை மட்டும் கேட்கும்படி வேண்டுகிறேன். "ரேடியோ காகா"வில் எழுபதாயிரம் பேரின் கைகள் ஒரே நேரத்தில் உயர்வதற்கு டெய்லரின் டிரம்ஸோடு ஒட்டி நிற்கும் அந்த அசையாத பேஸ்தான் தரை. முன்னால் நிற்பவர் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் விலகி ஓடலாம், திரும்பி வரும்போது பாட்டு அதே இடத்தில் காத்திருக்கும் என்ற உறுதியை அவருக்குப் பின்னால் நின்றவர்கள் கொடுத்தார்கள்.

1991 நவம்பர் 24 அன்று மெர்குரி மறைந்த பிறகு டீக்கனுக்கு மேடையில் பெரிய நாட்டம் இருக்கவில்லை. 1992 ஏப்ரலில் நடந்த நினைவு நிகழ்ச்சியில் வாசித்தார். 1997 ஜனவரியில் பாரிஸில் எல்டன் ஜான் பாட "தி ஷோ மஸ்ட் கோ ஆன்" வாசித்தார். அதே ஆண்டு வெளிவந்த "நோ ஒன் பட் யூ" பாடலின் பதிவோடு ஒதுங்கிவிட்டார். 2001-இல் ராக் இசைப் புகழ் மண்டபத்தில் குழுவைச் சேர்த்தபோதும் அவர் போகவில்லை. பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் வேறு பாடகர்களோடு குயின் என்ற பெயரில் தொடர்ந்து உலகம் சுற்றியிருக்கிறார்கள். அதற்கு அவர் தடை சொன்னதில்லை. மெர்குரி இல்லாத குயினில் தமக்கு இடமில்லை என்று அவர் தீர்மானித்ததாகவே தோன்றுகிறது. அந்தத் தீர்மானத்தை மதிக்கிறேன். அவருடைய தனிவாழ்வைத் துருவுவது நம் வேலையல்ல. அவர் விட்டுச்சென்ற இசைக்கு அவர் பெயரைச் சொல்வது மட்டுமே நம் கடமை.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. "அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்" பாடலை இயற்றியவர் ஜான் டீக்கன் என்ற திருத்தத்தைத் தங்கள் ஞாயிறு இணைப்பின் அடுத்த இதழில் வெளியிட வேண்டும். இனி மேல்நாட்டு இசைக்குழுக்களைப் பற்றிக் கட்டுரைகள் வரும்போது, குறிப்பிடப்படும் ஒவ்வொரு பாடலுக்கும் பாடியவர் பெயரோடு எழுதியவர் பெயரையும் சேர்த்து அச்சிட வேண்டும். அந்த விவரங்கள் இசைத்தட்டு உறைகளிலேயே இருக்கின்றன. கட்டுரையாளருக்கு நேரமில்லை என்றால், குயின் குழுவின் பதினைந்து இசைத்தொகுப்புகளிலும் பாடல்வாரியாக எழுதியவர் பெயரைத் தொகுத்துத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி